முழுப் பங்கு வாங்கிய கை

மோகனா, சாப்பிட்டாயா? இதைக் கேட்காமல் எனக்கு எதையும் ஆரம்பிக்க வராது. போனில் கேட்டிருப்பேன், நீதான் எடுப்பதில்லையே. அப்படியே எடுத்தாலும் இரண்டாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, மூன்றாவது வார்த்தைக்கு முன்னால் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்தைத் தூசி தட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் வீட்டிலிருந்து செல்வி இறால் வாங்க வரும்போது இதை அவள் பையில் போட்டு அனுப்புவேன். உன் பெண்டாட்டி உன்னைப் போல இல்லையப்பா. என்மேல் கோபமாக இருந்தாலும் என் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் போகிறாள்.

திங்கட்கிழமை லேபர் ஆபீசில் உன் நஷ்டஈட்டுக் கேஸ் வருகிறது. நான் சாட்சி சொல்ல வரக் கூடாது என்று வக்கீலம்மாவிடம் சொன்னாயாமே. அதோடு விட்டாயா? "எங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு மேடம், ஞாபகம் கலங்கிப்போச்சு, டாக்டர்கிட்ட ஏதோ ஒளறிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடலாம்" என்றும் சொன்னாயாம். அந்தப் பெண் நல்ல பெண், எனக்கே போன் போட்டு "அப்படியாம்மா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கா ஞாபகம் கலங்கிப்போச்சு? மூன்றாம் வகுப்பில் நீ யாருடைய பம்பரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாய், அதை எந்தப் பானைக்குள் ஒளித்தாய் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேண்டுமானால் அதையும் அந்த அதிகாரி முன்னாலேயே சொல்கிறேன். போனை வைத்துவிட்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும்? உன் நைனா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதை உன் கோபம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாய். போன மழைக்காலத்தில் முகத்துவாரம் மண் மூடி ஏரியில் மீனே ஏறாமல் போனபோது, மீஞ்சூர் தாண்டி இரும்புக் குழாய் அடுக்கும் கிடங்குக்கு வேலைக்குப் போனாய். லாரியிலிருந்து இறக்கும்போது கட்டு அவிழ்ந்து குழாய் உருண்டது. உன் இடது கை குழாய்க்கும் லாரிப் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து, தையல் போட்டு, மாதக்கணக்கில் கட்டோடு வைத்திருந்து பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஒரு டம்ளரைப் பிடித்தால்கூட நழுவி விழுகிறது. அன்று முதல் டம்ளர் உடைந்த சத்தம் கேட்டால் பக்கத்து வீடாக இருந்தாலும் நான் எழுந்து ஓடுகிறேன்.

ஆனால் அந்தக் கை அதற்கு முன்னாலேயே ஒருமுறை உடைந்த கை. அதுதானே இப்போது வந்து நிற்கிறது? உனக்கு ஏழு வயது இருக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் ஏறி நின்று குதித்தாய், முழங்கை போய்விட்டது. எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பச்சிலை வைத்து, மூங்கில் பத்தை வைத்து, அழகாகத்தான் கட்டினார். "தண்ணி மட்டும் படக் கூடாதும்மா" என்றார். ஏரிக்கரையில் பிறந்த பிள்ளையிடம் தண்ணீர் படக் கூடாது என்றால் நடக்கிற காரியமா? இறால் ஏறின அன்றைக்கு ஊரே ஏரியில் இருந்தபோது நீயும் கழுத்துத் தண்ணீரில் நின்றாய். கட்டு நனைந்து தளர்ந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கையை நீட்டினால் முழுசாக நீளாது, முழங்கையில் லேசாக வளைந்தே நிற்கும். தெருப் பிள்ளைகள் உன்னைக் கோணக்கை என்று கூப்பிட்டார்கள். நீ அவர்களை அந்தக் கையாலேயே அடித்தாய். அதற்கு உனக்கு நான் பின்னால் பூசை வைத்தாலும், முன்னால் ஒரு முறுக்கு கொடுத்தேன்.

அடுத்தது அந்த டாக்டர். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டர் உன் கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். "இந்த மொழங்கை முன்னாடியே இப்படித்தானா?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமா டாக்டர், ஏழு வயசுல ஒடைஞ்சுது. ஆனா இந்தக் கோணக்கையாலதான் ரெண்டாள் வலிக்கிற வலைய எம்புள்ள ஒத்த ஆளா வலிச்சுகினு வருவான். இன்னான்னு நெனச்சீங்க!" என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எதிரில் கோட்டுப் போட்ட ஒருவர் உன் கையை உடைந்த சாமான் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். அவர் நான் சொன்னதில் முதல் பாதியை எழுதிக்கொண்டார். இரண்டாவது பாதிக்குப் பேனாவே அசையவில்லை. ஊனத்தில் பாதி பழைய முறிவால் வந்தது, பாதிக்குத்தான் கிடங்கு பொறுப்பு என்று அறிக்கை வந்துவிட்டது. "பாதிக்கு ஒத்துகினு கையெழுத்துப் போட்டுட்டுப் போய்கினே இரு" என்று கிடங்குக் காண்ட்ராக்டரின் ஆள் உன்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஜாதி அவன்.

அன்று முதல் ஊர் முழுக்க "நுணலும் தன் வாயால் கெடும்" என்று என்னை ஜாடை பேசுகிறது. நீயும் அதையே நினைக்கிறாய். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால், கண்ணா, அது என்னிடமிருந்து வராது. நீ வலியில் இருக்கிறாய், அதற்காக நான் அழுகிறேன், அது வேறு. நான் சொன்னது உண்மை. அந்த உண்மை பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

உனக்கு இதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியிருக்கிறது. பழைய முறிவே கிடையாது என்று சாதித்துவிடலாம் என்கிறாய். மோகனா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? எக்ஸ்ரே படத்தில் அந்தப் பழைய எலும்புச் சேர்க்கை வெள்ளையாகத் தெரிகிறதாம், வக்கீலம்மாவே சொன்னாள். நீ இல்லை என்று சொன்னால், கட்டு அவிழ்ந்தது, குழாய் உருண்டது என்று நீ சொல்லும் மற்றதையும் யார் நம்புவார்கள்? "பழைய காயம் இருந்துச்சான்றது பிரச்சனையே இல்லம்மா. அந்தக் காயத்தால அவரு வேலை இன்னா கொறஞ்சுது? அதத்தான் நான் கேக்கப்போறேன். ஒண்ணுமே கொறையலன்னா, இப்ப போனது முழுசும் குழாயால போனதுதான்" என்று அவள் சொன்னபோது எனக்குச் சட்டென்று நம் ஊர் மண்டபம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தக் கேள்வியை அந்த ஆபீஸ் கேட்பதற்கு முன்னாலேயே நம் ஊர் கேட்டுவிட்டது. பதிலும் சொல்லிவிட்டது. அது உனக்கு ஞாபகம் வரவில்லையே! யாருக்கு ஞாபகம் கலங்கியிருக்கிறது என்று இப்போது சொல்.

உனக்குக் கல்யாணமான வருஷம். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள், பாடு என்று சொல்வோம். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஒரு முழுப் பங்கு. உடம்பு முடியாதவர்களுக்கு அரைப் பங்கு. உன் பெயரைச் சொன்னதும் ஏழுமலை மாமா எழுந்தார். "கோணக்கைக்காரனுக்கு எதுக்கு முழுப் பங்கு? அரை குடுத்தா போதும். அவன் எடத்துல வலை சரியா விழலன்னா யாருக்கு நஷ்டம்?" என்றார். உன் முகம் செத்துப்போய்விட்டது. உன் நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், அவருக்குச் சபையில் நாக்கு எழாது. பொம்பளைகள் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்போம். நான் அங்கிருந்தே கத்தினேன். "ஏழுமல அண்ணே! ஒரு பருவம் இவன உன் வலையிலயே இட்டுகினு போ. அரை ஆள் வேலை செஞ்சா அரை குடு. முழு ஆள் வேலை செஞ்சா இன்னா செய்வ?" வெளியே நின்று பேசியது தப்பு என்று எனக்கு அபராதம் போட இரண்டு பேர் பார்த்தார்கள். ஏழுமலை அண்ணன் சிரித்துவிட்டார், அதனால் பிழைத்தேன்.

அந்தப் பருவம் முழுக்க அவர் வலையில் நீ நின்றாய். வாடைக்காற்றில் உடம்பு விறைக்க, இடுப்புத் தண்ணீரில் சேறு வாரி இழுக்க, கழி ஊன்றிப் படகு தள்ள, எல்லாவற்றுக்கும் நின்றாய். நீட்ட வராத அந்த முழங்கையின் வளைவில் வலைக்கயிற்றைக் கோத்துக்கொண்டு நீ இழுப்பதைக் கரையிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் கை சளைத்துக் கயிற்றை மாற்றும்போது உன் கயிறு நின்ற இடத்திலேயே நிற்கும். வீட்டுக்கு வந்து முழங்கையில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வாய். தடவும்போது வலிக்கிறதா என்று கேட்பேன், "தூக்கம் வருதும்மா" என்பாய். அவ்வளவுதான் அந்தக் கை உனக்குக் கொடுத்த தொந்தரவு.

அடுத்த சீட்டு எடுக்கும் நாளில் ஏழுமலை அண்ணனே எழுந்து "இவனுக்கு முழுசு" என்றார். நீ போய்ச் சீட்டுச் சட்டிக்குள் கையைவிட்டாய், அதுவும் வேண்டுமென்றே அந்த இடது கையை. சட்டியைப் பிடித்திருந்த பூசாரி பதறிப்போய் "டேய், பீச்சாங்கையால எடுக்காதடா" என்றார். ஏழுமலை அண்ணன்தான் "எடுக்கட்டும் விடுய்யா, அந்தக் கைதான வாங்கிச்சு" என்றார். நீ சீட்டை எடுத்துத் திரும்பி, வெளியே கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினாய். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் வைத்திருப்பேன்.

நேற்று அவர் நம் வீட்டுக்கு வந்தார். வயசாகிவிட்டது, கண்ணில் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். "மோகன் கேஸாமே. நான் வந்து சொல்றேன். அன்னிக்கி அரைன்னு சொன்னவன் நான்தான். முழுசுன்னு சொல்ல என்னவிட எவன் இருக்கான்?" என்றார். இப்போதே வெள்ளை வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டார். அவர் வரக் கூடாது என்று நீ சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். சபை நடுவில் கோணக்கை என்று சொன்னாரே, அந்த முள் உனக்கு இன்னும் உள்ளேயே கிடக்கிறது. இருக்கட்டும், பிடுங்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் முள். ஆனால் உன்னைச் சந்தேகப்பட்ட மனுஷன், கண்ணால் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் தன் வார்த்தையை மாற்றிக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள் வாழ்க்கையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? உன்னை எப்போதுமே புகழ்ந்துகொண்டிருக்கிற நான் சொன்னால் அம்மாக்காரி சொல்கிறாள் என்பார்கள். அவர் சொன்னால் நிற்கும்.

வக்கீலம்மா ஜெயித்துவிடுவோம் என்று அடித்துச் சொல்லவில்லை. அதையும் உனக்கு மறைக்க மாட்டேன். அந்த அதிகாரிக்கு ஏரியும் தெரியாமல் இருக்கலாம், பாடும் தெரியாமல் இருக்கலாம். நாங்கள் சொல்லிப் புரிய வைக்க வேண்டும், அவர் புரிந்துகொள்ள வேண்டும், பிறகும் பாதிதான் என்று எழுதினாலும் எழுதுவார். எழுதட்டும். அவர் எழுதி வெட்டுவது ஒன்று, நீயே உன் கையைப் பாதி என்று கையெழுத்துப் போடுவது இன்னொன்று. இருபத்தொன்பது வயதில் நீ அந்தக் கையெழுத்தைப் போட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பயம். மற்றது எதுவும் எனக்குப் பயமில்லை.

ஒன்று கேட்கிறேன். என்மேல் உனக்கு இருக்கும் கோபத்தில் நான் டாக்டரிடம் பேசியதற்கு எவ்வளவு, அந்தக் குழாய்க்கு எவ்வளவு, மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே என்பதற்கு எவ்வளவு? அந்த டாக்டரைக் கூப்பிட்டுப் பிரித்துத் தரச் சொல்லட்டுமா? பிரிக்க வராதுடா. எல்லாம் ஒரே வலையில் வந்த மீன். எல்லாவற்றையும் என் தலையிலேயே கொட்டு, நான் தாங்குவேன், பெற்றவள்தானே. செல்வி தலையில் மட்டும் கொட்டாதே. சட்டைப் பொத்தான் போட அவள் வந்தால் நீ கையைத் தட்டிவிடுகிறாயாம். அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அவளுக்கு உன் பொத்தானைப் போடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று உனக்கு ஏன் புரியவில்லை? எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் உன் நைனா என் தலையைப் பின்னிவிட்டிருக்கிறார். எலி கடித்த கயிறு மாதிரிதான் இருக்கும். நான் ஒருநாளும் அவிழ்த்ததில்லை.

இன்னொன்றும் பார்த்தேன், சொல்லாமல் இருந்தேன். கட்டுப் பிரித்த நாளிலிருந்து நீ எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்காருகிறாய். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக, அந்தக் கை யார் கண்ணிலும் படாமல். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்கிறாய். சின்ன வயதில் அந்தக் கையைத்தான் என் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்குவாய். வளைவு என் கழுத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். எடுத்துவிட்டால் விழித்துக்கொள்வாய். உடைந்து கோணலான பிறகு வந்த பழக்கம் அது. அந்தக் கையே உடையவில்லை, எங்கம்மா உளறினாள் என்று நீ சொல்வதை நான் எப்படியடா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்?

ஆகவே நான் வருவேன். நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். அந்த டாக்டர் எழுதாமல் விட்ட இரண்டாவது பாதியை அந்த அதிகாரி எழுதிக்கொள்கிற வரைக்கும் சொல்வேன். பம்பரக் கதையைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஏழுமலை மாமா வருவார், உன் நைனாவும் வருவார். புளிசாதமும் வறுத்த கருவாடும் கட்டிக்கொண்டு வருகிறேன். அந்த ஆபீஸ் வாசலில் கருவாடு மணக்கட்டும், யார் என்ன கேட்டுவிடுவார்கள்?

நீ ஒன்று மட்டும் செய். செல்வியைப் பொத்தான் போட விடு. பிறகு சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேலே அவளையே மடித்துவிடச் சொல். அதிகாரி கையைக் காட்டச் சொன்னால், அன்றைக்குச் சீட்டெடுக்க நீட்டினாயே, அப்படி நீட்டு. நீளுகிற வரைக்கும் நீட்டினால் போதும்.

சுவர் ஓரமாக மட்டும் உட்காராதே. உன் நைனா வலது பக்கம் உட்காரட்டும். இடது பக்கம் நான் உட்காருவேன்.